ஆருடைய பிள்ளை நீ?

களரியும் காலமும்: அரங்க வரலாற்றுத் தொடர் – 9

வன்னியில் முன்பின் தெரியாத ஒரு பொடியனைக் கண்டால் வயதானவர்கள் பெயரை முதலில் விசாரிப்பதில்லை. "தம்பி, ஆற்ற பிள்ளை? சொந்த இடம் எது?" என்றுதான் கதை தொடங்கும். பல ஊர்களில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அக்கராயனில் அது அவ்வளவு எளிதில்லை.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தின் நீரை நம்பி வயல் செய்யும் ஊர் இது. அக்கராயன் என்ற குறுநில மன்னன் இந்த மண்ணை ஆண்டான் என்பது ஊர் மரபு. குளத்துக் காணியை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோதும், 1996இல் கிளிநொச்சி நகர் கைவிட்டுப் போனபோதும் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் தறப்பாள் கட்டியிருந்து பிறகு இங்கேயே வேர்விட்டவர்களும் உண்டு. 2008இன் பிற்பகுதியில் இவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிழக்கே நடந்தார்கள். முள்ளிவாய்க்காலையும் மெனிக் பாம் முகாமையும் கடந்து, மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள்.

ஆற்ற பிள்ளை, எந்த ஊர் என்ற அதே இரண்டு கேள்விகளை ஏதென்ஸ் நகரம் ஏறத்தாழ 2,450 ஆண்டுகளுக்கு முன் தன் அரங்கின் நடுவில் வைத்தது. சென்ற இதழில் டயனீசஸ் விழாவின் தொடக்கத்தையும், கி.மு. 534 அளவில் தெஸ்பிஸ் பாடற்குழுவிலிருந்து தனி நடிகனாகப் பிரிந்து நின்றதையும் பார்த்தோம். அப்படிப் பிரிந்து நின்றவன் யார், அவன் தன்னை யார் என்று நினைத்தான், கடைசியில் யாராக ஆனான் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நாடகத்துக்கு முன் வந்த பிள்ளைகள்

வசந்த காலத்தில் நடந்த பெரிய டயனீசஸ் விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிட்டார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் ஒரு சற்றிர் நாடகத்தையும் தர வேண்டும். பாடற்குழுவின் செலவை ஒரு செல்வந்தர் ஏற்றார். அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் ஊரே கூடியிருந்தது.

நாடகம் தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு இருந்தது. போரில் தந்தையை இழந்து, நகரத்தின் செலவில் வளர்ந்து, பருவம் எய்திய இளைஞர்களை அரங்குக்குள் அணிவகுத்து நடத்தினார்கள். நகரம் கொடுத்த போர்க்கவசத்தை அவர்கள் அணிந்திருந்தார்கள். இவர்களின் தந்தையர் போரில் இறந்தவர்கள், இவர்களை வளர்த்தது இந்த நகரம் என்று கட்டியகாரன் அறிவித்தான். அந்தப் பிள்ளைகள் முன் வரிசையில் அமர்ந்த பிறகுதான் ஈடிபஸும் அன்ரிகனியும் அயோனும் வந்தார்கள்.

ஆருடைய பிள்ளை என்பதற்கு ஏதென்ஸ் நகரம் கொடுத்த உத்தியோகபூர்வப் பதில் அந்த அணிவகுப்பு: செத்தவனின் பிள்ளை, நகரத்தின் பிள்ளை. அதே இடத்தில், அதே நாளில், அந்தப் பதிலைக் குலைத்துப் போடும் நாடகங்களையும் நகரமே காசு கொடுத்து ஆட வைத்தது. தன் சட்டத்தையும் பெருமையையும் தன் கண்முன்னாலேயே விசாரணைக்கு வைக்கும் துணிவு ஏதென்சின் அரங்குக்கு இருந்தது. துன்பியல் நாடகத்தின் வலிமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பெரிக்கிளிஸின் சட்டம்

கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதுவரை தந்தை ஏதென்ஸ் குடிமகனாக இருந்தால் போதும். இனி தாயும் ஏதென்ஸ் குடியில் பிறந்தவளாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்கள் தலைவரி கட்டினார்கள், போருக்கும் போனார்கள். ஆனால் காணி வாங்கவோ மன்றத்தில் பேசவோ அவர்களுக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளில் எகிப்திலிருந்து தானமாகத் தானியம் வந்தது. அதைக் குடிமக்களுக்குப் பங்கிடுவதற்காகப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தார்கள். அப்போது ஐயாயிரம் பேர் அளவில் நீக்கப்பட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

சோபோக்கிளிஸின் 'மன்னன் ஈடிபஸ்' இந்தக் காலத்து நாடகம். கி.மு. 429 அளவில் மேடையேறியது என்பது அறிஞர் கணிப்பு. கொரிந்து நாட்டு இளவரசன் என்று தன்னை நினைத்துக்கொண்டு ஈடிபஸ் தீப்ஸ் நகருக்கு வருகிறான். புதிர் போட்ட ஸ்பிங்ஸிடமிருந்து நகரத்தைக் காப்பாற்றுகிறான், அரசனாகிறான். அந்த ஊரில் அவன் வந்தவன், வரத்தான். ஆனால் விசாரணை முடியும்போது அவனைவிட அந்த மண்ணுக்குச் சொந்தமான ஒருவன் அங்கே இல்லை என்று தெரியவருகிறது. அதே மண்ணில் பிறந்து, கணுக்கால்கள் துளைக்கப்பட்டு, காட்டில் எறியச் சொல்லிக் கொடுக்கப்பட்ட அரசகுமாரன் அவன். வழியில் அடித்துக் கொன்றது தகப்பனை. மணந்துகொண்டது தாயை.

இந்த உண்மையைக் கையில் வைத்திருந்தவன் ஒரு கிழ இடையன், அரண்மனை அடிமை. குருடரான ஞானி தைரேசியஸ் சொன்னதை அரசன் நம்பவில்லை. அடிமை வாய் திறந்தபோதுதான் எல்லாம் முடிந்தது. அந்த இடையனின் வாயைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவன் வேறு யாருமில்லை, ஈடிபஸ்தான். நிறுத்திக்கொள் என்று மனைவி கெஞ்சுகிறாள். அவன் நிறுத்தவில்லை. தான் யார் என்று அறிவதற்கு அரச பதவியையும் கண்களையும் விலையாகக் கொடுத்த இந்தப் பிடிவாதம்தான் அவனைத் துன்பியலின் தலைவனாக்குகிறது.

யூரிப்பிடிஸின் 'அயோன்' இன்னும் நேராகச் சட்டத்தோடு மோதுகிறது. டெல்பிக் கோயிலில் கூட்டித் துடைத்து வளரும் அநாதைப் பையன் அயோன். ஏதென்சின் அரசியான கிரெயூசாவின் கணவனுக்கு, வெளியூரில் பிறந்த அந்த மனிதனுக்கு, தெய்வவாக்கு அயோனை மகனாகக் காட்டுகிறது. அயோன் மகிழவில்லை. மண்ணில் முளைத்தவர்கள் என்று பெருமை பேசும் ஊருக்கு வெளியூரானின் மகனாகப் போய், தாய் யாரென்று தெரியாமல், வாய் திறக்க உரிமையில்லாமல் எப்படி வாழ்வேன் என்று தயங்குகிறான். பின்னால் கிரெயூசாவே அவனுக்கு நஞ்சூட்ட முயல்கிறாள். அவன் அவளைக் கொல்லத் துரத்துகிறான். கடைசிக் கணத்தில், அவனைப் பச்சைக் குழந்தையாகக் கிடத்தியிருந்த கூடையைக் கோயில் பூசாரிப் பெண் கொண்டுவருகிறாள். உள்ளே இருக்கும் துணியில் என்ன நெய்யப்பட்டிருக்கிறது என்று காணாமலே சொல்கிறாள் கிரெயூசா. அவள்தான் தாய்.

பெரிக்கிளிஸின் சொந்த வாழ்க்கையும் இப்படி ஒரு நாடகமாக முடிந்தது. கி.மு. 430இல் ஏதென்சில் பரவிய கொள்ளைநோயில் முறையான மனைவிக்குப் பிறந்த அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் இறந்தார்கள். எஞ்சியவன் மிலேட்டஸ் நகரத்துப் பெண் அஸ்பேசியாவுக்குப் பிறந்த மகன். தான் கொண்டுவந்த சட்டத்தின்படி அவன் ஏதென்ஸ் குடிமகன் இல்லை. தன் மகனுக்கு மட்டும் விலக்குத் தரும்படி பெரிக்கிளிஸ் நகரத்திடம் இரந்தார். நகரம் இரங்கியது.

பாட்டன் பிறந்த கடதாசி

இதைப் படிக்கும்போது நமக்கு 1948 நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனிடமே தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, லயத்திலேயே செத்தவர்களிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கும்? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பொருளாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வன்னிக் காடுகளை வெட்டிக் கழனியாக்கிய கைகளில் இவர்களின் கைகள் நிறைய. 1977க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் எல்லையோரங்களிலும் குளங்களின் கீழும் வந்து குடியேறிய இந்தக் குடும்பங்களில் பல, பிறர் காணியில் கூலிக்கு நின்றன. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல் பல காலம் இருந்தன. அரசு அவர்களை இந்தியர் என்றது. நம்மவரில் சிலர் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். அரசின் சட்டத்தை எதிர்த்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நம் வாயிலிருந்து வந்த சொல்லைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. ஏதென்சின் அரங்கு தன் பார்வையாளரிடம் கேட்டது இந்த இரண்டாவது விசாரணையைத்தான்.

காத்தான் கழுவேறும் நேரம்

கிரேக்க அரங்கையும் தமிழ் அரங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கல்வியை நமக்குத் தந்தவர்களில் முதல்வர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய தம் கலாநிதிப் பட்ட ஆய்வை அவர் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் 1970இல் நிறைவு செய்தார். ஈஸ்கிலசையும் ஏதென்சையும் பற்றி 1941இல் நூல் எழுதியவர் தொம்சன். நாடகத்தை அது பிறந்த சமூகத்தின் சண்டைகளோடு சேர்த்துப் படிக்கும் முறை அப்படித்தான் நம்மிடம் வந்தது. அதற்குச் சற்று முன், 1960களின் நடுவில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியிருந்தார். சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அழிவு வருவது தெரிந்தும் தான் யார் என்பதை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் துன்பியல் தலைவனாக இராவணன் அந்த மேடையில் நின்றான்.

ஆனால் வன்னியிலும் குடாநாட்டிலும் சனங்களை விடிய விடிய விழித்திருக்க வைத்த தலைவன் காத்தவராயன். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடப்படும் சிந்துநடைக் கூத்து அது. மாரியின் மகனான காத்தான் ஆரியமாலைமீது ஆசை கொள்கிறான். தாய் தடுக்கிறாள். அவன் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி அவளிடம் போகிறான். முடிவில் கழுமரம் காத்திருக்கிறது. ஏதென்சில் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றார்கள். நம் களரியிலோ ஒரு காத்தானையே பலர் பங்கிட்டு ஆடுகிறார்கள். பாலகாத்தான், ஆதிகாத்தான், பின்காத்தான் என்று இரவு வளர வளர ஆள் மாறும், காத்தான் மாறமாட்டான். ஒரு உடலுக்குள் அடங்காத தலைவனை ஊர் தன் பிள்ளைகளின் உடல்களில் மாறி மாறி ஏற்றிக் காப்பாற்றுகிறது. ஈடிபஸ் தனியே நிற்கும் தலைவன். காத்தான் ஊரோடு சேர்ந்து ஏற்படும் தலைவன்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரர்களுக்குப் பிற்காலத்தில் உயர்ந்த பிறப்பு ஒட்டப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். மதுரை வீரன் காசி அரசனின் மகனாக ஆனது அப்படித்தான். வேறு சாதிப் பெண்ணை விரும்பியதற்காகக் கொல்லப்பட்டவனின் கதையில், அவன் உண்மையில் மேற்குலத்தான்தான் என்று சேர்த்துவிட்டால் கேட்பவர்களின் மனம் ஆறிவிடும், சாதியும் தப்பிவிடும். ஈடிபஸின் நாடகம் பிறப்பைத் திறந்து காட்டி அரசனைத் தரையில் இறக்கியது. நம் கதைகள் பிறப்பை மூடி மறைத்து வீரனை உயரத்தில் ஏற்றின. ஆனாலும் விடியப்புறத்தில் காத்தான் கழுவேறும்போது அழுகிற பெண்கள் அவன் என்ன குலம் என்று கேட்டு அழுவதில்லை. சாகப்போகும் ஒரு பிள்ளைக்காக அழுகிறார்கள். ஒட்டுக்கதை சாதிக்காக எழுதப்பட்டது, அந்த அழுகை அதற்குக் கட்டுப்படவில்லை.

இறந்தவருக்கு உரியவர் யார்?

கி.மு. 441 அளவில் சோபோக்கிளிஸ் எழுதிய 'அன்ரிகனி'யை ஈழத்து வாசகருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. அண்ணனும் தம்பியும் எதிரெதிர்ப் படையில் நின்று ஒருவரையொருவர் கொன்றார்கள். நகரத்துக்காகப் போரிட்டவனுக்கு மரியாதையோடு அடக்கம். நகரத்துக்கு எதிராக வந்தவனின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விடு, அடக்கம் செய்பவருக்கு மரணம் என்றான் அரசன் கிரெயோன். அன்ரிகனி மண்ணை அள்ளித் தூவினாள்.

அவள் ஈடிபஸின் மகள். தகப்பனே அவளுக்குத் தமையன் முறையாகவும் வருகிற வீடு அது. முறைகள் எல்லாம் குழம்பிப்போன அந்தக் குடும்பத்தில் பிறந்தவள், தான் யார் என்பதற்கு ஒரேயொரு முறையைத் தானே தெரிந்தெடுக்கிறாள்: இறந்தவனின் உடன்பிறந்தாள். பிறப்பு கொடுத்த சிக்கலை ஒரு செயலால் அவிழ்க்கிறாள். அதற்கு உயிரைக் கொடுக்கிறாள்.

இறந்தவர் விடயத்தில் ஏதென்ஸ் நகரமும் கண்டிப்பானது. கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் அவர்கள் வென்றார்கள். ஆனால் புயலில் கடலில் தத்தளித்தவர்களையும் இறந்தவர்களின் உடல்களையும் மீட்கவில்லை என்பதற்காக, வென்ற தளபதிகளுக்கே மரண தண்டனை விதித்தார்கள். அப்படிக் கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவன் பெரிக்கிளிஸ் இரந்து குடியுரிமை வாங்கிக் கொடுத்த அதே மகன்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார். அன்ரிகனிக்கு உடல் கண்முன்னே கிடந்தது, தூவ ஒரு பிடி மண்ணும் இருந்தது. இந்தத் தாய்மாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி யாழ்ப்பாணம் செம்மணியில், புதைகுழியிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காண்பதற்காக மக்களின் பார்வைக்கு வைத்தார்கள். கிரெயூசா துணியைக் கொண்டு உயிரோடிருக்கும் மகனைக் கண்டடைந்தாள். இங்கே துணியை மட்டும் கண்டடையச் சொன்னார்கள்.

வந்தவன் காவலனாகும் இடம்

சோபோக்கிளிஸ் தொண்ணூறு வயதை நெருங்கிய காலத்தில் ஈடிபஸின் கதைக்குத் திரும்பினார். 'கொலோனஸில் ஈடிபஸ்' அவர் இறந்த பிறகு, கி.மு. 401இல் மேடையேறியது. குருடனாய், பிச்சைக்காரனாய், மகள் அன்ரிகனியின் கையைப் பிடித்தபடி ஊரூராக அலைந்த ஈடிபஸ், ஏதென்சுக்குப் பக்கத்தில் கொலோனஸ் என்னும் சிற்றூருக்கு வருகிறான். அது சோபோக்கிளிஸ் பிறந்த ஊர். ஊர்ப் பெரியவர்கள்தான் இந்த நாடகத்தின் பாடற்குழு. அவர்கள் முதலில் கேட்பதும் நீ யார், ஆருடைய மகன் என்றுதான். பெயரைக் கேட்டதும் வெளியே போ என்கிறார்கள். பிறகு அரசன் தீசியஸ் வருகிறான். தானும் அந்நியனாக வளர்ந்தவன் என்பதை நினைத்துப் பார்க்கிறான். அகதியை ஏற்றுக்கொள்கிறான், தன் மண்ணில் இருக்க இடம் கொடுக்கிறான். துரத்திய தீப்ஸ் நகரம் பிறகு ஈடிபஸைத் திரும்பக் கேட்டு வருகிறது. அவன் போகவில்லை. ஏற்றுக்கொண்ட மண்ணிலேயே மறைகிறான். அவன் அடங்கிய இடம் அந்த நாட்டுக்குக் காவலாகும் என்பது அவன் கொடுத்த வாக்கு.

முதல் நாடகத்தில் ஈடிபஸ் யார் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. கடைசி நாடகத்தில் அதைத் தீர்மானித்தது, அவனை ஏற்ற ஊரும் அந்த ஊருக்கு அவன் கொடுத்ததும். இரண்டையும் எழுதியவர் ஒரே கவிஞர். இடையில் பல ஆண்டுப் போரும், கொள்ளைநோயும், ஏதென்சின் தோல்விகளும் கிடந்தன. துன்பியல் தலைவனின் அடையாளம் பற்றி அவர் கடைசியாகக் கண்டது இதுதான் என்று நான் படிக்கிறேன்: பிறப்பு ஒரு மனிதனின் தொடக்கத்தை மட்டும் சொல்லும். மிச்சத்தை, அவனும் அவனை ஏற்றுக்கொள்ளும் ஊரும் சேர்ந்து எழுத வேண்டும்.

அக்கராயன் போன்ற ஊர்களுக்கு இது ஏட்டுச் சரக்கு அல்ல. தீவிலிருந்து வந்தவர், தோட்டத்திலிருந்து வந்தவர், முகாமிலிருந்து வந்தவர் என்ற பிரிவினை இன்னும் கோயில் நிர்வாகத்திலும் கலியாணப் பேச்சிலும் காணிக் கச்சேரியிலும் தலைகாட்டுகிறது. குளக்கட்டு உடைந்தால் மண்மூட்டை தூக்க எல்லோரும் வேண்டும், உரிமை என்று வந்தால் பாட்டனின் ஊரைக் கேட்பது என்ன நியாயம்? பெரிக்கிளிஸின் சட்டமும் 1948இன் சட்டமும் கேட்ட கேள்வியை நம் ஊர்கள் கேட்கக் கூடாது. அடுத்த முறை மாரியம்மன் முன்றலில் காத்தான் ஆட அண்ணாவியார் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, மலையகத்துப் பேரப்பிள்ளை ஒருவன் ஆதிகாத்தானாகவும் குடாநாட்டுப் பேரப்பிள்ளை ஒருவன் பின்காத்தானாகவும் ஆடட்டும். ஒரு தலைவனைப் பலர் பங்கிட்டு ஆடும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் களரியிலிருந்து ஊர்ச் சபைக்கும் கொண்டுபோவது நம் பொறுப்பு.

(அடுத்த இதழில்: தோற்ற எதிரிக்காக அழுத நாடகம். மரதன் போரில் ஆயுதம் ஏந்திய ஈஸ்கிலஸ், கி.மு. 472இல் 'பாரசீகர்' நாடகத்தில் பகைவரின் தாயை ஏன் மேடையேற்றினார்?)